கண்ணாடியின் நொறுங்குந்தன்மையும் உலோகத் துகள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய பொருள்களுள் கண்ணாடியைப்போல ஒன்றுக்கொன்று முரணான இயல்புகளைக் கொண்ட பொருள் பிறிதொன்று காண்பதரிது. நீரும் காற்றும் அதனை எளிதில் அரிப்பதில்லை. பெரும்பாலான அமிலங்களைத் தாங்கி நிற்கும். ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுள் புதைந்து கிடந்த கண்ணாடி மணி தன் நிறமும் வடிவமும் கெடாது வெளிப்படுகின்றது. ஆயினும் அதே மணி கைதவறிக் கல்மேல் விழுமாயின் ஒரு கணத்திற் சிதறிவிடுகின்றது. எரிந்துகொண்டிருக்கும் லாந்தரின் சிமினியில் ஒரு துளி நீர் பட்டதும் அது வெடித்துப்போதலை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். காலத்தை வென்ற பொருள் கணத்திற்குத் தோற்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண மனிதன் மேற்கொண்ட முயற்சிகளுள், உலோகத் துகள்களைக் கண்ணாடியினுட் கலந்து அதனை உறுதிப்படுத்த முயன்ற வரலாறு தனிக் கவனத்திற்குரியது. அவ்வரலாற்றை அதன் முன்னோடி முயற்சிகளோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமப் பேரரசனும் நெளிந்த கிண்ணமும்

உரோமப் பேரரசன் திபேரியசு (கி.பி. 14–37) காலத்தைச் சார்ந்ததாக ஒரு கதை வழங்கிவந்தது. உடையாத கண்ணாடியை ஆக்கும் வழியைக் கண்ட கம்மியன் ஒருவன், தான் செய்த கிண்ணத்தைப் பேரரசன் முன்னிலையில் நிலத்தில் எறிந்தான். அது உடையவில்லை, செப்புப் பாத்திரத்தைப் போலச் சற்று நெளிந்தது. அவன் சிறு சுத்தியலொன்றினால் தட்டி நெளிவை நிமிர்த்திக் காட்டினான். இவ்வித்தையை வேறெவரும் அறிவரோ எனப் பேரரசன் வினவ, எவரும் அறியார் என அவன் விடையிறுத்தான். உடனே அவனைக் கொல்லுமாறு ஆணை பிறந்தது. இத்தகைய கண்ணாடி பெருகினாற் பொன்னுக்கு மதிப்பிராது என்பதே பேரரசனது அச்சம். பெத்துரோனியசு தம் நூலில் இக்கதையைக் கூறுகின்றார். மூத்த பிளினி, கம்மியனது பட்டறையே அழிக்கப்பட்டதெனக் குறித்து, இச்செய்தி உறுதியானதெனக் கொள்வதற்கில்லை என்பதையும் சேர்த்துக் கூறுகின்றார்.

இக்கதை மெய்யாக நிகழ்ந்ததன்று எனக் கொள்ளினும் அதனுள் நுண்ணிய உண்மை ஒன்று பொதிந்துள்ளது. உடையாத கண்ணாடியைக் கற்பனை செய்த உரோமர், அது கல்லைப்போற் கடினமாக இருந்ததெனக் கூறவில்லை. உலோகத்தைப்போல நெளிந்ததெனவே கூறினர். கண்ணாடிக்கு இல்லாததும் உலோகத்திற்கு உள்ளதுமான இயல்பு யாதென்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர் எனலாம். அவ்வியல்பைக் கண்ணாடிக்கு ஊட்டுவது எங்ஙனம் என்பதே பின்வந்த வரலாற்றின் சாரமாகும்.

நிறத்திற்காகக் கலந்த உலோகம்

உலோகத் துகள் கண்ணாடியுட் புகுந்தது அண்மைக்காலச் செய்தியன்று. பிரித்தானிய நூதனசாலையில் உள்ள கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்குரிய இலைகேர்கசுக் கிண்ணம், வெளியிலிருந்து ஒளி விழும்போது பச்சையாகவும் உள்ளிருந்து ஒளி ஊடுருவும்போது சிவப்பாகவும் தோன்றுவது. அதனுட் பரந்துள்ள பொன், வெள்ளி ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்களே இதற்குக் காரணம் என்பது பிற்கால ஆய்வுகளால் நிறுவப்பட்டது. வெனிசு நகரையடுத்த முரானோத் தீவின் கம்மியர் 17ஆம் நூற்றாண்டிற் செப்புப் பளிங்குகள் மின்னும் கண்ணாடியைச் செய்தனர். அரிக்கமேடு முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பெற்றனவும், மன்னாரை அடுத்த மாந்தையிற் கிடைத்த மணிகளோடு ஒரே மரபைச் சார்ந்தனவுமான ஒளிபுகாச் செம்மணிகளும் செம்பினாலேயே அந்நிறம் பெற்றவை.

ஆயினும் இக்கம்மியர் நாடியது அழகேயன்றி உறுதியன்று. அவர்கள் கலந்த உலோகத்தின் அளவும் மிகச் சிறிது. உலோகம் உள்ளே இருப்பதனால் மட்டும் கண்ணாடி உறுதி பெறுவதில்லை என்பதற்கு இம்மணிகளே சான்றாகும். அவையும் பிற மணிகளைப்போல உடைந்தன.

மேற்பரப்பைக் காக்கும் முயற்சிகள்

கண்ணாடியை உறுதிப்படுத்தும் வழிக்கான முதற் குறிப்பு ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து கிடைத்தது. உருகிய கண்ணாடித் துளியை நீரில் விழவிட்டால், தடித்த தலையும் மெல்லிய வாலும் கொண்ட உரு ஒன்று உண்டாகும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் அது உடைவதில்லை; வாலின் நுனியை முறித்தாலோ முழுத்துளியும் தூளாகிவிடும். இளவரசர் உரூப்பேட்டு இவற்றை இங்கிலாந்தில் அறிமுகஞ் செய்தமையால் அவர் பெயராலேயே இத்துளிகள் வழங்கலாயின. 1661இல் இலண்டன் றோயற் கழகத்தினர் இவற்றை ஆராய்ந்தனர். 1665இல் வெளியான தமது நுண்வரைவு நூலில் உரொபேட்டு கூக்கும் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்.

இப்புதிரின் விளக்கம் இதுவாகும். நீர் பட்டதும் துளியின் புறப்பகுதி முதலில் இறுகிவிடுகின்றது. பின்னர் உட்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிய புறப்பகுதியை உள்நோக்கி இழுக்கின்றது. இதனாற் புறத்தே நெருக்கல் தகைப்பும் அகத்தே இழுவைத் தகைப்பும் நிலைபெறுகின்றன. புறத்தே எழ முயலும் வெடிப்பை நெருக்கல் தகைப்பு மூடிவிடுகின்றது. வாலை முறிக்கும்போதோ வெடிப்பு நேரே இழுவைப் பகுதியை அடைகின்றது. அவ்வெடிப்பு செக்கனுக்கு 1450 மீற்றருக்குக் குறையாத வேகத்தில் ஓடுவதை, அதிவேகப் படப்பிடிப்பைக் கையாண்ட ஆய்வாளர் 1994இற் காட்டினர்.

இத்தத்துவத்தையே 1874இல் பிரான்சின் அல்பிரெட்டு டி லா பசுத்தி, சூடேற்றிய கண்ணாடியை எண்ணெயில் அமிழ்த்திக் குளிர்விக்கும் முறையாகக் காப்புரிமை பெற்றார். இன்று மோட்டார் வண்டிகளின் பக்கக் கண்ணாடிகள் இம்மரபின் வழிவந்தவை. கையடக்கத் தொலைபேசிகளின் முகப்புக் கண்ணாடி வெப்பத்திற்குப் பதிலாக இரசாயன முறையினால் அதே நெருக்கல் தகைப்பைப் பெறுகின்றது. இம்முறைகள் யாவும் வெடிப்புத் தொடங்காமற் காப்பனவே. தொடங்கி உட்சென்றுவிட்ட வெடிப்பை எதிர்கொள்ளும் ஆற்றல் எதனையும் இவை கண்ணாடிக்கு அளிப்பதில்லை.

உலோகத்தைத் துணைக்கழைத்த முதல் முயற்சிகளுள் ஒன்று கம்பிவலை பதித்த கண்ணாடியாகும். அமெரிக்கரான பிராங்கு சூமன் 1892இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தீ பரவும்போது உடைந்த துண்டுகளை விழாது பிடித்து வைத்தலே அவ்வலையின் பணி. அது கண்ணாடியை உடையாமற் காப்பதில்லை. உண்மையில் வலை பதித்த கண்ணாடி, அதே தடிப்புள்ள சாதாரண கண்ணாடியிலும் எளிதில் உடையக்கூடியது. கம்பியைச் சூழ்ந்த இடங்களே குறைபாடுகளின் உறைவிடமாகின்றன. இம்முயற்சி ஓர் எச்சரிக்கையை விட்டுச் சென்றது: உலோகத்தைச் சேர்த்தல் வேறு, உலோகத்தின் இயல்பைச் சேர்த்தல் வேறு.

கிறிபித்தின் கண்டுபிடிப்பு

கண்ணாடி ஏன் உடைகின்றது என்பதற்கான கணித விளக்கம் 20ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. கப்பற் தகடுகளில் உள்ள துளைகளை ஆராய்ந்த சி. ஈ. இங்கிலிசு, ஒடுங்கிய வெடிப்பின் நுனியில் தகைப்பு பன்மடங்காகத் திரள்கின்றது என்பதை 1913இற் காட்டினார். இங்கிலாந்தின் பாண்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய இளம் பொறியியலாளர் ஏ. ஏ. கிறிபித்து, 1920இல் றோயற் கழகத்திற்கு அளித்த கட்டுரையில் இதற்கும் அப்பாற் சென்றார்.

கிறிபித்து கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்து அவற்றின் வலிமையை அளந்தார். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோல் 170 மெகாபஸ்கால் அளவிலான தகைப்பில் முறிந்தது. ஒரு மில்லிமீற்றரின் முந்நூற்றில் ஒரு பங்கு விட்டமுள்ள இழையோ அதனைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு தாங்கியது. ஒரே கண்ணாடி, ஒரே சேர்க்கை. ஆயின் வலிமை மட்டும் இருபது மடங்கு. எனவே கண்ணாடி இயல்பாகவே வலிமை குன்றியதன்று என்பது தெளிவாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்வெடிப்புகளே அதனைக் கெடுப்பன.

வெடிப்பு வளர்வதற்குரிய நிபந்தனையையும் அவர் சக்திக் கணக்காக வகுத்தார். வெடிப்பு நீளும்போது பொருளிற் சேமிக்கப்பட்டிருந்த மீள்தன்மைச் சக்தி விடுபடுகின்றது. அதே வேளையிற் புதிய மேற்பரப்புகளை ஆக்குவதற்குச் சக்தி செலவாகின்றது. வரவு செலவை மிஞ்சும் கணத்தில் வெடிப்பு தானாகவே ஓடத் தொடங்கும். கண்ணாடியில் இச்செலவு மிகச் சிறிது. ஒரு சதுர மீற்றர் பரப்பைப் பிளக்க ஏறத்தாழ 10 யூல் சக்தியே போதுமானது. நல்ல உருக்கிற்கோ அதனைப்போற் பல்லாயிரம் மடங்கு சக்தி வேண்டும்.

உருக்கின் இம்மேன்மைக்குக் காரணத்தை 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஏர்வினும், தனித்து ஆய்ந்த ஒறொவானும் எடுத்துக்காட்டினர். வெடிப்பின் நுனியில் உலோகம் இளகி, மீளாத உருமாற்றத்தை அடைகின்றது. சக்தியின் பெரும்பகுதி அவ்வுருமாற்றத்திலேயே செலவாகிவிடுகின்றது. கண்ணாடியின் அணுக்கள் அவ்வாறு இடம்பெயரா. உரோமரின் கதையில் வந்த நெளிவு, இங்கே பௌதிகத்தின் மொழியில் விளக்கம் பெற்றது.

இவ்விடத்தில் இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் அவசியமாகும். முறிவு தொடங்கும்வரை பொருள் தாங்கும் தகைப்பு வலிமை எனப்படும். ஏற்கெனவே உள்ள வெடிப்பு மேலும் வளர்வதைத் தடுக்கும் ஆற்றலை முறிவெதிர்ப்பு எனக் கூறலாம். டி லா பசுத்தியின் வழி வலிமையைக் கூட்டியது. முறிவெதிர்ப்பைக் கூட்ட வேறொரு வழி வேண்டியிருந்தது.

துகள்களைக் கலத்தல்

நொறுங்கும் பொருளையும் நெளியும் உலோகத்தையும் இணைத்தல் பயன் தரும் என்பதற்கு முன்னுதாரணம் ஏற்கெனவே இருந்தது. ஜேர்மனியில் காள் சுரோட்டர் 1923இல், மிகக் கடினமான தங்குதன் காபைட்டுத் தூளைக் கோபாற்று உலோகத்தினாற் பிணைத்து வெட்டுங் கருவிகளுக்கான பொருளொன்றை ஆக்கினார். அதில் உலோகம் தொடர்ச்சியான பிணைப்பாக அமைந்திருந்தது. கண்ணாடியிலோ நிலைமை வேறு. இங்கே கண்ணாடியே தொடர்ச்சியான தளம்; உலோகம் அதனுள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும். இத்தீவுகள் பயன் தருமா என்பதே வினா.

1960களிற் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேக்கிலி வளாகத்திற் புல்றாத்தும் அவருடைய மாணவர்களும் இதனை ஒழுங்காக ஆராய முற்பட்டனர். கண்ணாடித் தூளையும் நுண்ணிய கோளத் துகள்களையும் கலந்து, சூட்டில் அழுத்தி ஒரே திண்மமாக்கி அதன் வலிமையை அளந்தனர். அலுமினா, நிக்கல், தங்குதன் என்பன அவர்கள் கையாண்ட துகள்களுட் சில. துகள்கள் நெருங்கியிருந்தால் அவற்றிற்கு இடைப்பட்ட கண்ணாடியில் நெடிய வெடிப்புகள் அமைய இடமில்லை என்றும், அதனாலேயே வலிமை கூடுகின்றது என்றும் அவர்கள் விளக்கினர். நிக்கற் துகளின் மேற்பரப்பைச் சிறிது ஒட்சியேற்றினால் அது கண்ணாடியுடன் இரசாயனப் பிணைப்புக் கொள்கின்றது என்பதும் அங்கே அறியப்பட்டது. 1968இல் இங்கிலாந்தின் டாவிட்சும் கிறீனும் தோரியாக் கோளங்களை வெவ்வேறு விரிவுக் குணகமுள்ள கண்ணாடிகளில் இட்டு, குளிரும்போது எழும் தகைப்புகள் வெடிப்பின் பாதையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் காட்டினர்.

இவ்வாய்வுகளிலிருந்து ஓர் இடர் புலப்பட்டது. சாதாரண கண்ணாடி ஒரு பாகை சூடேறும்போது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரிகின்றது. நிக்கல் 13 பங்கும் அலுமினியம் 23 பங்கும் விரிகின்றன. குளிரும்போது துகள் தன்னைச் சூழ்ந்த கண்ணாடியிலும் கூடுதலாகச் சுருங்குமாயின், வரும் வெடிப்பு துகளை ஊடறுக்காது அதனைச் சுற்றிச் சென்றுவிடும். நிக்கலைப்போன்று கண்ணாடியிலும் விறைப்பு மிகுந்த துகளும் வெடிப்பை விலக்கிவிடும். சுற்றிச் செல்லும் வெடிப்புக்கு உலோகத்தின் நெளியும் இயல்பு ஒரு தடையன்று. பகைவன் வாயிலைத் தவிர்த்துச் சென்றாற் காவலன் இருந்தும் பயனில்லை.

1981: வெடிப்பும் துகளும் சந்தித்தல்

இவ்விடரை நேரே எதிர்கொண்ட ஆய்வு 1981இல் அமெரிக்க மட்பாண்டவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிறித்திக்கு, நிக்கல்சன் ஆகியோரும் அமெரிக்கரான கோக்லண்டும் அதனை எழுதினர். பகுதியாக ஒட்சியேற்றப்பட்ட நிக்கற் துகள்களையும் அலுமினியத் துகள்களையும் அவர்கள் கண்ணாடியில் இட்டு ஆராய்ந்தனர். அவர்கள் வற்புறுத்திய நிபந்தனைகளை மூன்றாகத் தொகுத்துக் கூறலாம். துகளும் கண்ணாடியும் வெப்பத்தில் ஒத்து விரிதல் வேண்டும். இரண்டின் மீள்தன்மையும் பெரிதும் வேறுபடாதிருத்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையே உறுதியான பிணைப்பு இருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடும்போதே வெடிப்பு துகளைச் சந்திக்கும். சந்தித்தாலே துகள் பயன்படும்.

அலுமினியத்தின் விறைப்பு கண்ணாடியின் விறைப்புடன் ஏறத்தாழ ஒத்தது. இரண்டும் 70 கிகாபஸ்கால் அளவின. அதனால் அலுமினியம் வெடிப்பை விலக்கித் தள்ளுவதில்லை. வெடிப்பு துகளை அடைந்ததும் கண்ணாடி இருபுறமும் பிளந்து போகின்றது. துகளோ பிளவுறாது, ஆற்றின் குறுக்கே இட்ட பாலம்போல இரு கரைகளையும் பற்றி நிற்கின்றது. வெடிப்பு அகலும்போது துகள் இழுபட்டு, இடை மெலிந்து, இறுதியில் அறுகின்றது. அவ்விழுபாட்டிற் செலவாகும் சக்தியே முறிவெதிர்ப்பாக மாறுகின்றது.

இதன் பயனை எளிய கணக்கொன்றினால் உணரலாம். கூடுதலாகச் செலவாகும் சக்தி, துகள்களின் கனவளவுப் பங்கு, உலோகம் இளகத் தொடங்கும் தகைப்பு, துகளின் ஆரை, உருமாற்றத்தின் அளவைக் குறிக்கும் எண் ஆகிய நான்கின் பெருக்கமாகும். பங்கு 20 சதவீதம், தகைப்பு 100 மெகாபஸ்கால், ஆரை ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் ஒன்று, எண் 2 எனக் கொள்வோம். விடை ஒரு சதுர மீற்றருக்கு 400 யூல் ஆகும். தனிக் கண்ணாடிக்குப் போதுமான 10 யூலுடன் ஒப்பிட இது நாற்பது மடங்கு. துகள்கள் யாவும் தம் கடமையை முற்றச் செய்தால் வரக்கூடிய பயன் இது. வெடிப்பு துகள்களைத் தவிர்க்குந்தோறும் இப்பயன் குறைந்துவிடுகின்றது.

பிணைப்பின் அளவு

பிணைப்பு உறுதியாயின் போதும் என்ற கருத்தை 1980களின் இறுதியில் எழுந்த ஆய்வுகள் திருத்தின. 1989இல் கேம்பிறிட்சு அறிஞர் அசுபியும் புளன்ற்று, பனிசுட்டர் ஆகியோரும் கண்ணாடிக் குழாயினுள் ஈயக் கம்பியை இறுகப் பிணைத்து, கண்ணாடியை மட்டும் வெடிக்கச் செய்து கம்பியை இழுத்து அளந்தனர். சுற்றிலும் கண்ணாடியாற் பிடிக்கப்பட்ட ஈயம், தனித்து இருக்கும்போது தாங்குவதைப்போல ஐந்தாறு மடங்கு தகைப்பைத் தாங்கியது. ஆயின் முற்றாகப் பிணைக்கப்பட்ட கம்பி சிறிதே நீண்டு அறுந்துவிட்டது. வெடிப்பின் ஓரத்தில் பிணைப்புச் சிறிது விடுபட்டபோது தாங்கிய தகைப்புக் குறைந்ததாயினும், கம்பி நெடிது நீண்டு கூடுதலான சக்தியை உட்கொண்டது.

பிணைப்பு முற்றாக இல்லையேல் துகள் கண்ணாடியிலிருந்து கழன்றுவிடும். பிணைப்பு முற்றாக இறுகிவிடின் துகள் தன் இயல்பைக் காட்ட இடமின்றி அறுந்துவிடும். ஓரளவு விட்டுக்கொடுக்கும் பிணைப்பே பெரும் பயன் தருகின்றது. ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பை ஆய்வாளர் நுணுகி நோக்குவதற்கு இதுவே காரணம்.

கொடுத்த விலை

இத்துணை முயற்சியின் பின்னும் உலோகத் துகள் கலந்த கண்ணாடி நம் யன்னல்களுக்கு வரவில்லை. துகள்கள் ஒளியைத் தடுப்பன. கண்ணாடியை நாம் விரும்புவதற்கு முதற் காரணமான ஒளிபுகு தன்மையே இங்கு விலையாகக் கொடுக்கப்படுகின்றது. உயர்ந்த வெப்பநிலையில் உலோகம் உருகும் அல்லது ஒட்சியேறும் என்பது பிறிதொரு குறை. ஆயினும் இவ்வாய்வின் பயன் வீண்போகவில்லை. துகள் பாலமாகி வெடிப்பைப் பிடிக்கும் தத்துவம், உலோகங் கலந்த மட்பொருள்களையும் கோபாற்றினாற் பிணைத்த காபைட்டுகளையும் விளங்கிக்கொள்ள உதவியது. கண்ணாடி, தத்துவத்தைத் தெளிவுறக் காட்டும் பரிசோதனைக் களமாக அமைந்தது.

இதே எண்ணம் வேறொரு கண்ணாடியில் மேலும் சிறந்த பயனைத் தந்தது. உருகிய உலோகக் கலவையை மிக விரைவாகக் குளிர்வித்தால் அதன் அணுக்கள் ஒழுங்குறாது கண்ணாடி நிலையில் உறையும் என்பது 1960இல் கலிபோணியாத் தொழினுட்ப நிறுவகத்திற் கண்டறியப்பட்டது. இவ்வுலோகக் கண்ணாடி மிக்க வலிமையுடையது. எனினும் இழுக்கும்போது திடீரென முறியும் குறையுடையது. அதனுள் நெளியும் உலோகப் பளிங்குகள் கிளைத்து வளருமாறு செய்யும் முறையை அந்நிறுவகத்தார் 2000இல் வெளியிட்டனர். 2008இல் அவர்கள் அறிவித்த பொருள்களுள் ஒன்றின் முறிவெதிர்ப்பெண் 170 வரை சென்றது. அதே அலகில் யன்னற் கண்ணாடியின் எண் ஒன்றையும் எட்டாது. இப்பொருள்கள் இழுத்தால் நீளும்.

முடிவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கண்ணாடியைப் பற்றிய சிந்தனையில் நேர்ந்த ஒரு திருப்பம் தெளிவாகும். நெடுங்காலம் மனிதன் வெடிப்பே தோன்றாத கண்ணாடியை நாடினான், மேற்பரப்பைக் காத்தான், குறைகளை மறைத்தான். வெடிப்பு எங்கும் உளது, அதனை முற்றாக ஒழித்தல் இயலாது என்பதைக் கிறிபித்தின் ஆய்வு உணர்த்தியது. வெடிப்பு வருமென ஏற்றுக்கொண்டு, வரும் வழியில் அதனைச் சந்தித்துப் பிடித்து நிறுத்தும் துகளை இடுவதே அறிவுடைமை எனப் பின்வந்தோர் கண்டனர். அத்துகளும் தன்னைச் சூழ்ந்த பொருளோடு ஒத்து விரிந்து சுருங்கி, அதனோடு பிணைந்து, வேண்டும்போது சிறிது விட்டுக்கொடுத்தாலன்றிப் பயன்படாது என்பதையும் அவர்கள் கண்டனர்.

உரோமப் பேரரசன் முன் நெளிந்ததாகக் கூறப்படும் கிண்ணம் கதையாகவே இருக்கலாம். ஆயினும் நெளியும் கண்ணாடி இன்று ஆய்வுகூடத்தில் உண்டு. அது ஒளி ஊடுருவாத கண்ணாடி. ஒளியையும் விடாது, உடையவும் செய்யாத கிண்ணத்தை ஆக்கும் வேலை இன்னும் முடிவுறவில்லை. அதனை ஆக்க முயல்வோருக்கு அக்கம்மியனுக்கு நேர்ந்த கதி நேராது என்பது நாம் கொள்ளத்தக்க ஆறுதலாகும்.